படகுக்காரரின் பெயர்

கிர்கிஸ் மலைநாட்டில், நாரின் நகரத்துத் தொலைக்காட்சியில் அழுகிற பெண், சிரிக்கிற பெண், மருமகளுக்கு விஷம் வைக்கிற பெண் எல்லாருக்கும் ஒரே குரல்தான். அது புருல்சாவின் குரல். காலையில் நகர நூலகத்தில் அலமாரிகளுக்குத் தூசி தட்டுவாள். மத்தியானத்துக்கு மேல் கலாச்சார மன்றத்தின் பின்பக்க அறையில் மைக் முன்னால் உட்கார்ந்து, துருக்கியிலிருந்து வரும் தொடர்களில் பெண்கள் பேசுவதையெல்லாம் கிர்கிஸ் மொழியில் பேசுவாள். பதினாறு வயதுக் காதலியும் அவளே, அந்தக் காதலியை வீட்டை விட்டுத் துரத்துகிற கிழவியும் அவளே. ஆண்கள் பேசுவதெல்லாம் தலாய்பெக் என்ற பையன் பாடு. முப்பது வயதாகியும் ஊர் அவனைப் பையன் என்றுதான் சொல்கிறது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை அல்லவா. அசல் நடிகர்களின் குரல் அடியில் மெலிசாக ஓடிக்கொண்டிருக்கும். அதன்மேல் இவர்கள் இருவரும் ஏறி உட்கார்ந்து பேசுவார்கள். வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பதுண்டு. நாரின்காரர்களுக்கு இதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

ஒலிப்பதிவு அறையின் சுவர்களில் பழைய மெத்தைகளை ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். குளிருக்கு மூட்டும் அடுப்பு எரிந்தால் படபடவென்ற சத்தம் மைக்கில் விழும் என்று பதிவு நேரத்தில் அதை அணைத்துவிடுவார்கள். ஆகவே புருல்சா மேல்கோட்டும் கம்பளிச் சால்வையுமாக உட்கார்ந்துகொண்டு, மூச்சு ஆவியாகப் போவதைப் பார்த்தபடி, "அப்பப்பா, என்ன வெயில்! சன்னலைத் திற" என்று வசனம் பேசுவாள்.

அந்த அறை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். நூலகத்தில் பேசக்கூடாது என்று அவளே பலகை மாட்டியிருந்தாள், அதைப் படிக்கவும் அதிகம் பேர் வருவதில்லை. கணவன் எர்மெக் சீன எல்லைக்கும் தலைநகருக்கும் இடையே லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் சாலையில் இருப்பான். மகள் தலைநகரமான பிஷ்கெக்கில் படிக்கிறாள். வீட்டில் மாமியார் கலிபாவும் அவளும்தான். அந்தக் குளிர் அறையில் மட்டும்தான் அவள் வாய்விட்டுக் கத்தினாள், கெஞ்சினாள், எவனையாவது நாயே என்று திட்டினாள். திட்டி முடித்து வீட்டுக்கு வந்தால் உடம்பு லேசாக இருக்கும். அதை யாரும் தன்னிடமிருந்து பிடுங்கிவிடக்கூடாது என்று நினைத்துக்கொள்வாள்.

குளிர்காலம் தொடங்கும்போது 'உப்புக்காற்று' என்று புதிய தொடர் வந்தது. கடலோர ஊர். மீன்பிடிப் படகு வைத்திருக்கும் ஒருவன், அவனைக் காதலிக்கும் செல்தா என்ற பெண், அவர்களைப் பிரிக்கத் துடிக்கும் ஒரு பெரிய குடும்பம். முதல் நாள் பதிவு. வசனத்தாளில் செல்தாவின் முதல் வரிக்கு வந்ததும் புருல்சாவின் வாய் மூடிக்கொண்டது. திரையில் செல்தா கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

தலாய்பெக் இயந்திரத்தை நிறுத்தினான். "என்னக்கா, தொண்டை கட்டிருச்சா?"

"பேரு."

"பேருக்கு என்ன?"

"காதலன் பேரு. அது எங்க மாமனார் பேருடா."

அவன் தாளை வாங்கிப் பார்த்தான். "காசிம். அட, ஆமா. நம்ம டவர் காசிம் மாமா." பிறகு சிரிக்க ஆரம்பித்தான். "அக்கா, இவன் துருக்கிக்காரன். இவன் மீசையப் பாருங்க. உங்க மாமனாருக்கும் இவனுக்கும் என்ன சம்பந்தம்?"

"பேரு ஒண்ணா இருக்கே."

"சொல்லிட்டு நாக்கக் கடிச்சுக்கங்க. எங்க அம்மா அப்படித்தான் பண்ணுவாங்க."

"ஒரு நாளைக்கு நாப்பது தடவ சொல்லணும். நாக்கு மிஞ்சுமா?"

இந்தக் காலத்து மருமகள்கள் மாமனார் பெயரை மட்டுமல்ல, மாமனாரையே பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். புருல்சா அப்படி வளர்ந்தவள் இல்லை. கணவன் வீட்டுப் பெரியவர்கள் ஒருவர் பெயரும் அவள் வாயில் வந்ததில்லை. எர்மெக்கின் பெரியப்பா பெயரில் இரும்பு இருக்கிறது என்பதற்காக இரும்பு என்ற சொல்லையே விட்டவள். கடைக்குப் போனால், "மழையில துருப்பிடிக்குமே, அந்த வாளி இருக்கா?" என்றுதான் கேட்பாள். கடைக்காரர்களுக்கும் பழகிவிட்டது.

"இப்ப என்னதான் பண்றது? கால் விறைக்குது," என்றான் தலாய்பெக்.

புருல்சா ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு மைக்கைப் பார்த்து, மனமுருக, "படகுக்காரரே, கதவைத் திறங்க!" என்றாள்.

அப்படியே ஓடியது. செல்தா காதலிக்கும்போதும் படகுக்காரரே, சண்டை போடும்போதும் படகுக்காரரே. பெற்ற தாய்கூட மகனை மடியில் கிடத்தி, "என் படகுக்காரரே, ஒரு வாய் சாப்பிடுப்பா" என்றாள். தலாய்பெக்குக்கு அந்தத் தடை ஒன்றும் இல்லை. அவன் பேசிய ஆண்களெல்லாம் காசிம், காசிம் என்று தாராளமாகக் கூப்பிட்டார்கள்.

இதனால் விளைந்த குழப்பத்தைப் புருல்சா எதிர்பார்க்கவில்லை. நாரின் பெண்கள் தொலைக்காட்சியைக் கண்ணால் பார்ப்பது குறைவு. மாவு பிசைவார்கள், கம்பளி நூல் சுற்றுவார்கள், முதுகைத் திரைக்கும் காதைக் கதைக்கும் கொடுத்திருப்பார்கள். அவர்கள் காதுக்கு எட்டிய கதையில் இரண்டு ஆண்கள் இருந்தார்கள். ஒருவன் காசிம், எல்லார் கண்ணுக்கும் தெரிகிற அழகன். இன்னொருவன் படகுக்காரன், செல்தாவின் மனதில் இருக்கிறவன், இன்னும் திரையில் வரவில்லை.

பக்கத்து வீட்டு சூரா தினமும் மாலையில் கலிபா வீட்டில்தான் தொடர் பார்ப்பாள். அவள் வீட்டுப் பெட்டி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தனியாக உட்கார்ந்து பார்த்தால் யாரைத் திட்டுவது?

"இங்க பாருங்க கலிபாக்கா," என்றாள் ஒரு நாள், மடியில் மாவுத் தட்டோடு. "கட்டிக்கப் போறவன் எதிர்ல நிக்கிறான். அவன் மூஞ்சிக்கு நேரா வேற ஒருத்தனக் கூப்பிடுறா. அவனும் மரம் மாதிரி கேட்டுட்டு நிக்கிறான். எனக்கு வர்ற கோவத்துக்கு!"

"உனக்கு எதுக்குக் கோவம்?" என்றாள் கலிபா.

"எனக்கு மட்டுமா? சந்தையில எல்லாருக்கும் கோவம். அந்தப் படகுக்காரன் யாரு, அவன் என்ன அவ்வளவு ஒசத்தி? புருல், உனக்குத்தான் மேல கதை தெரியுமே. அவன எப்ப காட்டுவாங்க?"

புருல்சா வாயைத் திறப்பதற்குள் கலிபா கையை உயர்த்தினாள். "கதைய முன்னாடியே சொல்றவங்களுக்கு இந்த வீட்டுல டீ கிடையாது. கேக்குறவங்களுக்கும் கிடையாது."

கலிபா இசைப்பள்ளியில் அக்கார்டியன் சொல்லிக் கொடுத்தவள். ஊரில் பாதிப் பேருடைய விரல்கள் அவளிடம் திட்டு வாங்கியவை. ஓய்வு பெற்ற பிறகும் அந்த அதட்டல் ஓய்வு பெறவில்லை. அக்கார்டியன் மட்டும் கணவர் இறந்ததிலிருந்து பெட்டிக்குள்ளேயே கிடந்தது. தூசி படியாமல் துடைப்பாள், திறக்கமாட்டாள்.

அவள் கணவர் காசிம், மலைமேல் நிற்கும் ஒளிபரப்புக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டவர். பனி விழுந்து படம் கலங்கினால், ஊர் முழுக்கத் திரையைப் பார்த்து வைகிற நேரத்தில், அவர் மலையேறிக்கொண்டிருப்பார். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு வசந்தகாலக் காலையில் ஏறினவர் இறங்கவில்லை. மாரடைப்பு. எடுத்துவந்தார்கள். அன்று கலிபா சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். என் மலையே என்றாள், என் வாசல் கதவே என்றாள். அதிலும் பெயர் வரவில்லை. உயிரோடு இருந்தபோது அவரை "எர்மெக் அப்பா" என்பாள், கோபம் வந்தால் "இந்த மனுஷன்" என்பாள். அவ்வளவுதான்.

இப்போது அந்தப் பெயரைத் தலாய்பெக் தினமும் அவர்கள் வீட்டுக் கூடத்தில் உரக்கச் சொன்னான். ஒவ்வொரு முறை அவன் காசிம் என்று சொல்லும்போதும் கலிபா எழுந்து சமையலறைக்குப் போனாள். டீக் கெண்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்பாள். அரை மணி நேரத் தொடரில் அத்தனை தடவை பார்க்கும்படி அந்தக் கெண்டியில் ஒன்றும் இல்லை. புருல்சா உள்ளுக்குள் சுருங்கிப்போவாள். நான் சொல்லவில்லை, அவன்தான் சொன்னான் என்று மனதுக்குள் வாதாடுவாள். நல்லவேளை, என் வாயிலிருந்து வரவில்லை என்று ஆறுதல் பட்டுக்கொள்வாள்.

நூலகத்தில் வேலை இல்லாத நேரத்தில் அவள் இதைப் பற்றி நிறைய யோசித்தாள். புத்தகத்தால் இந்தத் தொல்லையே இல்லை. எத்தனை நாவல்களில் மாமனார் பெயர் வந்திருக்கிறது. கண் அதைத் தொட்டுவிட்டுப் போய்விடும், யாருக்கும் கேட்காது. மரியாதை தெரிந்த விருந்தாளி மாதிரி புத்தகம் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வரும். பாட்டும் பரவாயில்லை, யாரை நினைத்துப் பாடுகிறாளோ அவனை நிலா என்றும் குதிரை என்றும் சொல்லிச் சமாளித்துக்கொள்ளும். இந்தத் தொலைக்காட்சி ஒன்றுக்குத்தான் சுத்தமாக மரியாதை தெரியவில்லை. சேற்றுக்காலோடு உள்ளே வந்து, செத்தவர் வீடா என்றுகூடப் பார்க்காமல், பெயரைச் சொல்லிக் கத்துகிறது. ஆனாலும் மூன்றில் எது பிடிக்கும் என்று கேட்டால் புருல்சா தொலைக்காட்சி என்றுதான் சொல்வாள். நூலகக்காரி இதை வெளியில் சொல்ல முடியாது.

ஒளிபரப்பு நிலையத்துத் தலைவி அனார்கான் ஒரு நாள் அவளைக் கூப்பிட்டனுப்பினாள்.

"உட்காரு. டீ குடி," என்றாள். பிறகு தொலைபேசியைக் காட்டினாள். "இது காலையிலேருந்து அடிச்சுட்டே இருக்கு. படகுக்காரன் யாரு, படகுக்காரன் யாருன்னு. ஒரு அம்மா, செல்தாவுக்குப் புத்தி சொல்லணும், அவள லைன்ல குடுன்னு கேக்குது."

புருல்சா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நானும் ஒரு வீட்டு மருமகதான் புருல்சா. எனக்கும் தெரியும். இதுவரைக்கும் விட்டுட்டேன். ஆனா அடுத்த வாரம் வர்ற காட்சியப் பாத்தியா?"

பார்த்திருந்தாள். படகுக்காரன் ஊரைவிட்டே போகிறான். செல்தா தனக்குத் துரோகம் செய்துவிட்டாள் என்று யாரோ சொன்னதை நம்பி, படகை எடுத்துக்கொண்டு போகிறான். செல்தா கரையில் ஓடிவந்து அவன் பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிடுகிறாள். முகம் திரை முழுக்க வருகிறது.

"அங்க வந்து படகுக்காரரேன்னு கூப்பிட்டா, துறையில நிக்கிற எல்லாப் படகுக்காரனும் திரும்பிப் பாப்பான்," என்றாள் அனார்கான். "அந்தப் பேரச் சொல்லியே ஆகணும். உன்னால முடியலன்னா தப்பா நினைக்கல. ஆனா கச்சேரியில பாடுற நுர்சாத் இருக்கா, அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகல, எந்தப் பேரையும் சொல்லுவா. தொடர அவகிட்ட குடுத்துருவேன். இந்தத் தொடர மட்டும் இல்ல. திரும்பத் திரும்பக் குரல் மாத்தினா சனங்க ஒத்துக்க மாட்டாங்க, அப்புறம் எல்லாம் அவதான்."

தெருவில் நடந்து வரும்போது புருல்சாவுக்கு அழுகை வந்தது. ஆற்றோரமாகச் சுற்றி நடந்தாள், அந்த இரைச்சலில் அழுதால் யாருக்கும் கேட்காது. நுர்சாத்துக்கு நல்ல குரல்தான். ஆனால் கிழவிகளை அவள் எப்படிப் பேசுவாள்? செல்தாவின் அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசுவது அவளுக்கு வருமா? புருல்சாவுக்கு அந்தப் பெண்களையெல்லாம் யாரிடமோ ஒப்படைத்துவிட்டுப் போவதுபோல இருந்தது. ஒரு பெயர். சொன்னால் கலிபாவின் மனம் நோகும். தலாய்பெக் சொல்வது வேறு, வீட்டு மருமகள் சொல்வது வேறு. சொல்லாவிட்டால் அந்தக் குளிர் அறை போய்விடும்.

எர்மெக்குக்குத் தொலைபேசியில் சொன்னாள். எல்லைக் கணவாயில் நின்றுகொண்டிருந்தான்.

"அம்மாகிட்ட கேட்டுப் பாரேன்," என்றான்.

"நீங்க கேளுங்களேன். உங்க அம்மாதான."

"ஹலோ? ஹலோ? சிக்னல் போவுது புருல்," என்றான் எர்மெக். அவன் குரல் தெள்ளத்தெளிவாகக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் சமையலறையில் எண்ணெயில் மாவுருண்டைகளைப் பொரித்துக்கொண்டிருந்தார்கள். கலிபா மாவை வெட்டிப் போட, புருல்சா கரண்டியால் புரட்டினாள். சொல்லலாமா வேண்டாமா என்று அவள் இன்னும் மனதுக்குள் இழுத்துக்கொண்டிருந்தபோது கலிபாவே ஆரம்பித்தாள்.

"அந்த செல்தா அடியில வேற என்னமோ சொல்றா."

"எந்த அடியில அத்தை?"

"உன் குரலுக்கு அடியில. அந்தத் துருக்கிப் பொண்ணோட சொந்தக் குரலு. நீ படகுக்காரரேன்னு நீட்டுற, அவ ரெண்டே அசையில முடிச்சுடுறா. முதல் நாளே கேட்டேன். நான் பாட்டு வாத்தியார்டி. மூணாவது வரிசையில ஒருத்தன் தப்பா வாசிச்சா எனக்குத் தெரியும்."

புருல்சாவின் கையில் கரண்டி நின்றது. "உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான் அத்தை."

"என் மனசு கஷ்டப்படுதுன்னு யார் சொன்னா?"

"தலாய் அந்தப் பேரச் சொல்றப்பல்லாம் நீங்க எழுந்து போயிடுறீங்களே."

"போகாம? அங்கயே உக்காந்து அழவா, மருமக முன்னாடி? அந்த சூரா வேற இருப்பா. அப்புறம் ஊர் பூரா கலிபா சீரியல் பாத்து அழுறான்னு சொல்லுவா." கலிபா கத்தியைக் கீழே வைத்தாள். "புரட்டு, கருகுது."

புருல்சா புரட்டினாள். பிறகு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். அனார்கான் கூப்பிட்டது, நுர்சாத், கரையில் கூப்பிடுகிற காட்சி. வரப்போகிற கதையைக் கலிபா கேட்கமாட்டாளே என்ற நினைவு பாதியில்தான் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் கலிபா தடுக்கவில்லை.

கலிபா கத்தியை எடுத்து மறுபடி மாவை வெட்டினாள். பிறகு, சன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கடைசியா மலையேறின அன்னிக்கு அவரு தொப்பிய மறந்துட்டுப் போயிட்டாரு. ஆணியில தொங்குது. எந்தக் காலத்துல அந்த மனுஷன் தொப்பி இல்லாம வாசப்படி தாண்டியிருக்காரு? நான் எடுத்துக்கிட்டு ஓடினேன். தெரு முனையில போயிட்டிருக்காரு. சந்தை நாளு, ஒரே கூட்டம். 'எர்மெக் அப்பா! எர்மெக் அப்பா!'ன்னு கத்தினேன். இந்த ஊர்ல எத்தன எர்மெக் இருக்கான் தெரியுமா? மூணு பேரு திரும்பிப் பாத்தானுங்க. அவரு பாக்கல. யாரோ எவனையோ கூப்பிடுறாங்கன்னு நெனச்சிருப்பாரு. போயிட்டாரு."

"அத்தை..."

"பேரு என் நாக்கு நுனியில இருந்தது. முப்பத்தெட்டு வருஷத்துல சொன்னதில்ல, நடுத்தெருவுல எப்படிச் சொல்றது? தொப்பியக் கையில வெச்சுக்கிட்டு திரும்பி வந்தேன். சாயங்காலம் குடுத்துக்கலாம்னு." அவள் மூக்கை மணிக்கட்டால் துடைத்துக்கொண்டாள், முகத்தில் மாவு ஒட்டியது. "கூப்பிட்டிருந்தா செத்திருக்க மாட்டாருன்னு சொல்லல. அது இதயம், அது நின்னுருக்கும். ஆனா ஒரு தடவ திரும்பிப் பாத்திருப்பாரு. கையில தொப்பியோட நான் நிக்கிறதப் பாத்து, அவரு ஒரு மாதிரி சிரிப்பாரே, அப்படிச் சிரிச்சிருப்பாரு. அவ்வளவுதான்."

எண்ணெய் சளசளத்தது. புருல்சா அடுப்பைத் தணித்தாள். அத்தையின் முதுகில் கையை வைத்தாள். கலிபா அதைத் தள்ளவில்லை.

"நீ கூப்பிடு," என்றாள் கலிபா. "அந்தப் பொண்ணுக்காவது வாய் திறக்கட்டும். பயந்து பயந்து கூப்பிடாத. தெரு முனை வரைக்கும் கேக்கணும்."

"சரிங்க அத்தை."

"திரும்பிப் பாப்பானா?"

புருல்சாவுக்குத் தெரியும். பதில் வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"வேண்டாம், சொல்லாத," என்றாள் கலிபா உடனே. "டீ கிடையாது அப்புறம்."

செவ்வாய்க்கிழமை புருல்சா பதிவுக்கு உட்கார்ந்தாள். தலாய்பெக் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "அக்கா, படகுக்காரரேதான?" என்றான்.

"இல்ல. ஓட்டு."

திரையில் படகு நகர்ந்தது. செல்தா மணலில் விழுந்து எழுந்து ஓடினாள். புருல்சா கண்ணை மூடிக்கொண்டாள், வாயசைப்புக்குப் பொருந்துகிறதா என்றெல்லாம் பார்க்கவில்லை. அவளுக்குக் கடல் தெரியாது, ஒரு நாளும் பார்த்ததில்லை. சந்தைத் தெரு தெரிந்தது. ஆட்டு மந்தைகள், மூட்டைகள், கூட்டத்துக்கு நடுவே தொப்பி இல்லாத ஒரு நரைத்த தலை தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. அவள் கூப்பிட்டாள். முதல் தடவை குரல் கரகரத்தது. இரண்டாம் தடவை சரியாக வந்தது. மூன்றாம் தடவை மெத்தை அடித்த சுவர்கள் இருந்தும் தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்த துப்புரவுக்காரி நின்றுவிட்டாள்.

பிறகு புருல்சா நாக்கைக் கடித்துக்கொண்டாள். வலித்தது. தலாய்பெக் கேலி செய்யவில்லை. மறுபடி எடுக்கலாமா என்றும் கேட்கவில்லை. எழுந்துபோய் அடுப்பை மூட்டினான்.

மறுநாள் சாயங்காலம் தொடர் தொடங்குவதற்கு முன்பே சூரா வந்துவிட்டாள். இன்றைக்குப் படகுக்காரனைக் காட்டப்போகிறார்கள் என்று சந்தையில் பேச்சாம். புருல்சா டீ ஊற்றினாள், பாலாடையும் ரொட்டியும் எடுத்து வைத்தாள். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. கலிபா வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தாள். காலையில் தலை சீவிப் புதிய முக்காடு கட்டியிருந்தாள் என்பதைப் புருல்சா அப்போதுதான் கவனித்தாள். அடுப்பில் கெண்டி இருந்தது.

ஆண்கள் பேசினார்கள், காசிம் என்றார்கள். புருல்சா ஓரக்கண்ணால் பார்த்தாள். கலிபா எழுந்திருக்கவில்லை.

படகு புறப்பட்டது. செல்தா ஓடினாள். புருல்சாவின் குரல் அந்தக் கூடத்தை நிறைத்தது.

"காசிம்!"

மூன்று வருஷமாக எந்தப் பெண்ணும் அப்படிக் கூப்பிட்டதில்லை அந்த வீட்டில். அதற்கு முந்திய முப்பத்தெட்டு வருஷமும் இல்லை.

"காசிம்!"

சூரா மாவுத் தட்டைக் கீழே வைத்தாள். "அட, என்னது! அப்ப காசிமும் படகுக்காரனும் ஒரே ஆளா? இத்தன நாளா நான் அந்தப் பொண்ண..."

"பேசாத," என்றாள் கலிபா. கை சோபாவின் விளிம்பைப் பிடித்திருந்தது. சமையலறையில் கெண்டி கொதித்து மூடி ஆடியது. யாரும் போகவில்லை.

"காசிம்!"

திரையில் படகு சின்னதாகிக்கொண்டே போனது. அதில் நின்றவனின் முதுகு மட்டும் தெரிந்தது. காற்று, அலை, இயந்திரச் சத்தம். அவன் கேட்டதாகத் தெரியவில்லை. கலிபாவின் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை, ஆனால் என்ன சொன்னாள் என்பது புருல்சாவுக்குத் தெரிந்தது. வாயசைப்பைப் படிப்பதுதானே அவள் பிழைப்பு. இரண்டே அசைதான்.

படகில் நின்றவன் தோள் அசைந்தது. தலை மெதுவாகத் திரும்பியது.

"திரும்பிட்டாரு," என்றாள் கலிபா.

கண்ணீர் தாடை வரை இறங்கியும் அவள் துடைத்துக்கொள்ளவில்லை, சூரா பார்ப்பாளே என்று கவலைப்படவும் இல்லை. புருல்சா எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள். திரும்பி வந்தபோது கலிபா திரையைப் பார்க்காமல் வாசல் பக்கம் பார்த்து, ஒரு மாதிரி சிரித்துக்கொண்டிருந்தாள். கதவுக்குப் பக்கத்து ஆணியில் அந்தத் தொப்பி தொங்கியது.